மூன்றாவது ஸ்ட்ரைக்குக்குப் பின்: பேஸ்பால் நடுவர் பணியும் விதிகளைப் பயன்படுத்தலும்

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிகளுக்கிடையிலான பேஸ்பால் போட்டி ஒன்றில் நடுவராக நின்றேன். 17 வயதுக்குட்பட்டோர் பிரிவு. கடைசி இன்னிங்ஸ். மட்டை பிடித்த அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட் ஆகிவிட்டார்கள். இரண்டாவது பேஸில் ஓர் ஓட்டக்காரர் நின்றார். பேட்டர், பத்தாம் வகுப்பு மாணவர். இரண்டு ஸ்ட்ரைக் முடிந்திருந்தது. அடுத்த பந்தை ஓங்கி வீசினார், மட்டையில் படவில்லை. பந்து கேட்சரின் கையுறையில் பட்டுத் தெறித்து, பின்பக்கத் தடுப்பு வலையை நோக்கி உருண்டது. அந்த மாணவர் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸை நோக்கி ஓடினார்.

நான் கையை உயர்த்தி, “அவுட்! ஆட்டம் முடிந்தது” என்று அறிவித்துவிட்டேன்.

பாதி வழியில் நின்றவர் திரும்பி வந்தார். “சார், கேட்சர் பந்தைப் பிடிக்கலை சார். நான் ஓடலாம் சார்.”

“மூணு ஸ்ட்ரைக் ஆயிடுச்சு. அவுட்தான். போப்பா.”

அவருடைய ஆசிரியர் தோளில் கை போட்டு அழைத்துச் சென்றார். நடுவர் சொன்னால் சொன்னதுதான் என்று மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்த நல்ல ஆசிரியர் அவர். அன்று இரவு விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். மாணவர் சொன்னதே சரி. மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் நேராகப் பிடிக்காவிட்டால், முதல் பேஸ் காலியாக இருக்கும்போதும், இரண்டு பேர் அவுட் ஆகியிருக்கும்போதும் பேட்டர் ஓடலாம். பந்து அவர்மீதோ முதல் பேஸிலோ தொடப்படும் முன் அவர் பேஸைத் தொட்டுவிட்டால் அவுட் இல்லை. அன்றைய ஆட்டத்தில் அந்த இரு நிலைகளும் சேர்ந்தே இருந்தன.

கண் தவறியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அன்று என் கண் தவறவில்லை; பந்து உருண்டதை நன்றாகப் பார்த்தேன். தவறியது விதி. இந்த இரண்டு தவறுகளுக்கும் உள்ள வேறுபாடுதான் இந்தக் கட்டுரையின் மையம். இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் இடம்பெற்றுள்ளன. உடற்கல்வி ஆசிரியர்கள் மட்டுமல்ல, அணியுடன் செல்லும் பிற பாட ஆசிரியர்களும் சில நேரங்களில் நடுவராக நிற்க வேண்டி வருகிறது. அவர்களுக்கு இது பயன்படும் என நம்புகிறேன்.

ஆட்டம் ஒரு பார்வையில்

கிரிக்கெட் அறிந்தவர்களுக்குப் பேஸ்பால் எளிதில் பிடிபடும். ஓர் அணிக்கு 9 பேர். நான்கு மூலைகள் கொண்ட சதுரம். அதை வைரம் என்பார்கள். ஒரு மூலை ஹோம் பிளேட். மற்ற மூன்றும் முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்கள். பெரியவர்களின் மைதானத்தில் ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. பிட்சர் பந்தெறியும் பலகை, ஹோம் பிளேட்டிலிருந்து 60 அடி 6 அங்குலம். அதாவது ஏறத்தாழ 18.44 மீட்டர். கிரிக்கெட் ஆடுகளத்தின் 20.12 மீட்டரைவிடச் சற்றுக் குறைவு. மூன்று பேர் அவுட் ஆனால் மட்டை பிடிக்கும் முறை அடுத்த அணிக்குப் போகும். பெரியவர்களுக்கு 9 இன்னிங்ஸ். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 7. சிறுவர்களுக்கான லிட்டில் லீக் ஆட்டத்தில் 6. லிட்டில் லீக் மைதானத்தில் பேஸ்களுக்கிடையே 60 அடி, பிட்சருக்கு 46 அடி.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்கு நேர்தூரம் எவ்வளவு என்று ஒன்பதாம் வகுப்பில் கேளுங்கள். பக்கம் 90 அடி என்றால் மூலைவிட்டம் ஏறத்தாழ 127.28 அடி. பிதாகரஸ் தேற்றத்தை மைதானத்தில் கயிறு பிடித்தே சரிபார்க்கலாம்.

தீர்ப்பு இரண்டு வகை

பேஸ்பால் நடுவரின் தீர்ப்புகளை இரண்டாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கண்டறிந்து சொல்வது. பந்து ஸ்ட்ரைக்கா, பாலா? ஓட்டக்காரர் முந்தினாரா, பந்து முந்தியதா? கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியேயா? இவை நடுவரின் கண்ணுக்கும் முடிவுக்கும் உட்பட்டவை. விதிப்படி இவை இறுதியானவை. இவற்றை எதிர்த்து வாதிட வீரருக்கோ பயிற்சியாளருக்கோ உரிமை இல்லை.

இரண்டாவது, கண்டதன்மீது விதியைப் பொருத்துவது. கேட்சர் பந்தை விட்டார் என்பது கண்டது. பேட்டர் ஓடலாமா என்பது விதி. இதில் நடுவர் தவறினால் அணியின் மேலாளர் எழுந்து வந்து முறையாகக் கேட்கலாம். நடுவர் தம் உடன் நடுவரைக் கலந்து, தேவையானால் விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்து மாற்றலாம். போட்டி விதிகள் இடம் தந்தால் எழுத்துமூல ஆட்சேபம் தரலாம். அதை ஏற்று ஆட்டத்தைத் திரும்ப நடத்தவும் வழி உண்டு. ஆனால் இதற்கு நேரம் குறுகியது. அடுத்த பந்து எறியப்படும் முன் கேட்க வேண்டும்.

என் ஆட்டத்தில் அந்த ஆசிரியர் இதை அறிந்திருந்தால், அமைதியாக முன்வந்து, “ஐயா, பந்து பிடிபடவில்லை என்பதை நீங்கள் ஏற்கிறீர்கள். அப்படியானால் எந்த விதிப்படி அவுட்?” என்று கேட்டிருக்கலாம். அது நடுவரை அவமதிப்பதாகாது. நடுவரைக் காப்பாற்றுவதாகும். நடுவர் சொல்லுக்குக் கட்டுப்படக் கற்றுக்கொடுக்கும் நாம், முறைப்படி கேட்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

2012 அக்டோபர் 5 அன்று அட்லாண்டாவில் நடந்த பிரேவ்ஸ்–கார்டினல்ஸ் ஆட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உயரே எழுந்து இடப்பக்க வெளிக்களத்தில் இறங்கிய ஒரு பந்துக்கு நடுவர் ‘இன்ஃபீல்ட் ஃப்ளை’ என அறிவித்தார். பார்வையாளர்கள் கொதித்துப் புட்டிகளை வீசினார்கள், ஆட்டம் நின்றது. பிரேவ்ஸ் அணி ஆட்சேபம் தந்தது. அது ஏற்கப்படவில்லை. அந்தப் பந்தை உள்களவீரர் சாதாரண முயற்சியில் பிடித்திருக்க முடியுமா என்பது நடுவரின் கணிப்பு. விதிப் பிழை அல்ல என்பதே காரணம். ஊர் முழுக்கத் தவறு என்று கத்தினாலும், எது ஆட்சேபத்துக்கு உரியது, எது உரியதல்ல என்ற கோடு அழியவில்லை.

எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

பள்ளி ஆட்டங்களில் பெரும்பாலும் இரண்டு நடுவர்கள்தாம் இருப்பார்கள். ஒருவர் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், மற்றவர் களத்தில்.

பிளேட் நடுவர் கேட்சருக்குப் பின்னால், கேட்சருக்கும் பேட்டருக்கும் இடையிலான இடைவெளி வழியே பார்க்கும்படி நிற்பார். முகக்கவசம், மார்புக்கவசம், முழங்கால் கவசம் கட்டாயம். கையில் பந்துகளை எண்ணும் சிறு கருவி; பிளேட்டைத் துடைக்கச் சிறு தூரிகை. துடைக்கும்போது பார்வையாளர்களுக்கு முதுகு காட்டாமல், மைதானத்துக்கு முதுகு காட்டிக் குனிவது மரபு.

ஸ்ட்ரைக் எல்லை என்பது காற்றில் வரைந்த பெட்டி. அகலம் பிளேட்டின் அகலம், அதாவது 17 அங்குலம். மேல் எல்லை, தோளுக்கும் கால்சட்டையின் மேல்விளிம்புக்கும் நடுப்புள்ளி. கீழ் எல்லை, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள குழிவு. பேட்டர் பந்தை அடிக்கத் தயாராகும் நிலையில் இந்த அளவு கொள்ளப்படும். பந்தின் ஏதாவது ஒரு பகுதி இந்தப் பெட்டியைத் தொட்டால் போதும். பந்து பிளேட்டைக் கடந்த இடம்தான் கணக்கு. கேட்சர் அதை எங்கே பிடித்தார் என்பது கணக்கல்ல. புதிய நடுவர்கள் பெரும்பாலும் கையுறையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார்கள். பழகிய கேட்சர் கையுறையை மெல்ல உள்ளே இழுத்து ஏமாற்றுவார். பந்தை, பிட்சரின் கையிலிருந்து கையுறை வரை கண்ணால் தொடர்வதே மருந்து.

கள நடுவர், பேஸ்களில் யாரும் இல்லாதபோது முதல் பேஸ் வீரருக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே நிற்பார். ஓட்டக்காரர் பேஸில் இருந்தால் சதுரத்துக்கு உள்ளே, பிட்சர் மேட்டுக்கும் இரண்டாம் பேஸுக்கும் இடையே வந்துவிடுவார். முதல் பேஸில் மட்டும் ஆள் இருந்தால் முதல் பேஸ் பக்கம் சாய்ந்தும், இரண்டிலோ மூன்றிலோ இருந்தால் மூன்றாம் பேஸ் பக்கம் சாய்ந்தும் நிற்பது வழக்கம்.

முதல் பேஸில் பந்தும் ஓட்டக்காரரும் ஒரே நேரத்தில் வரும்போது இரண்டையும் கண்ணால் பார்க்க முடியாது. அனுபவமுள்ளவர்கள் கண்ணைப் பேஸிலும் காலிலும் வைத்து, காதைக் கையுறைக்குக் கொடுப்பார்கள். பந்து கையுறையில் விழும் ஓசை முந்தியதா, கால் பட்டது முந்தியதா? அதன்பின் பந்து கையில் நிலைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை உயர வேண்டும். இதற்கு 15 முதல் 18 அடித் தொலைவு ஏற்றது. கிட்டே போனால் நன்றாகத் தெரியும் என்று நினைப்போம். உண்மையில் கோணம் சரியாக இருப்பதே முக்கியம். தொட்டு அவுட் ஆக்கும் நேரத்தில் கையுறைக்கும் உடலுக்கும் இடைப்பட்ட வெளி தெரியும் கோணம் இல்லையென்றால், மூன்றடி தூரத்தில் நின்றாலும் பயனில்லை.

இன்னொரு பழக்கம்: பார், பொறு, பிறகு சொல். அவசரமாகக் கை உயர்த்திய பின் பந்து கீழே விழுந்தால், சொன்னதைத் திரும்பப் பெறும் சங்கடம் வரும். ஒரு மூச்சளவு தாமதம் தீர்ப்பைத் தெளிவாக்குகிறது. விடைத்தாளில் முதல் வரியைப் படித்ததும் சிவப்பு மையை எடுக்கும் நமக்கும் இது பொருந்தும்.

அடிக்கடி தவறாகச் சொல்லப்படும் விதிகள்

ஃபேரா, ஃபவுலா? கோடு ஃபேர் பகுதியைச் சேர்ந்தது. கோட்டில் பட்டால் ஃபேர். பந்து பேஸில் பட்டு வெளியே தெறித்தாலும் ஃபேர். பந்தைத் தொட்ட வீரரின் கால் எங்கே இருந்தது என்பது பொருட்டல்ல. தொட்ட நொடியில் பந்து எங்கே இருந்தது என்பதே கேள்வி.

சமமாக வந்தால்? “சமமானால் ஓட்டக்காரருக்கே” என்று எல்லாரும் சொல்வார்கள். விதிப் புத்தகத்தில் அந்த வாசகம் இல்லை. பேட்டர் முதல் பேஸைத் தொடும் முன் அவரோ பேஸோ பந்தால் தொடப்பட்டால் அவுட் என்றுதான் விதி கூறுகிறது. அந்த எழுத்துப்படி பார்த்தால் பந்து முந்தியாக வேண்டும். முந்தவில்லை என்றால் அவுட் இல்லை. ஆனாலும் நடுவரின் வாயில் ‘சமம்’ என்ற சொல் வரக்கூடாது. எது முந்தியது என்று முடிவு செய்வதே அவர் வேலை.

கை, மட்டையின் பகுதியா? இல்லை. கை உடலின் பகுதி. பேட்டர் மட்டையை வீசாமல், விலக முயன்றும் பந்து கையில் பட்டால், அது ஸ்ட்ரைக் எல்லைக்குள் வந்த பந்தாக இல்லாதவரை முதல் பேஸ் கிடைக்கும். மட்டையை வீசும்போது கையில் பட்டால் ஸ்ட்ரைக், பந்து செயலற்றதாகிவிடும்.

இன்ஃபீல்ட் ஃப்ளை. புதியவர்களைக் குழப்பும் விதி. ஆனால் அதன் காரணம் தெரிந்தால் மறக்காது. முதல் இரண்டு பேஸ்களில் ஆட்கள் நிற்கிறார்கள். பந்து நேரே மேலே எழுகிறது. பிடித்தால் ஒருவர் அவுட் என்பதால் ஓட்டக்காரர்கள் பேஸிலேயே நிற்பார்கள். இதை அறிந்த உள்களவீரர் வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டு, நின்றிருந்தவர்களை எளிதில் இரட்டை அவுட் ஆக்கிவிடலாம். இந்தத் தந்திரத்தைத் தடுக்க 1890களில் வந்தது இவ்விதி. முதல், இரண்டாம் பேஸ்களிலோ மூன்று பேஸ்களிலுமோ ஆட்கள் இருக்க வேண்டும். அவுட் எண்ணிக்கை இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். சாதாரண முயற்சியில் உள்களவீரர் பிடிக்கக்கூடிய உயர்ந்த ஃபேர் பந்தாக இருக்க வேண்டும். மட்டையை வீசாமல் மெல்லத் தட்டும் முயற்சிக்கும், நேராகப் பாயும் பந்துக்கும் இது இல்லை. நடுவர் அறிவித்ததும் பேட்டர் அவுட். பந்து தொடர்ந்து ஆட்டத்தில் இருக்கும். ஓட்டக்காரர்கள் தம் பொறுப்பில் ஓடலாம். 1975இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சட்ட இதழில் இந்த ஒரு விதியைப் பற்றி ஒரு கட்டுரையே வெளிவந்தது. ஒரு தந்திரம் தோன்றி, அதைத் தடுக்க ஒரு விதி பிறந்து, அது பிறகு சீர்படும் முறை நீதிமன்றச் சட்டம் வளரும் முறையைப் போன்றது என்பதால்தான் சட்டம் படித்தவர்களையும் அது ஈர்த்தது.

பேஸைத் தொடாமல் ஓடினால்? ஓட்டக்காரர் இரண்டாம் பேஸைத் தாண்டும்போது கால் படவில்லை, நடுவர் பார்த்துவிட்டார். ஆனால் அவர் வாய் திறக்கக் கூடாது. எதிரணி கவனித்து, பந்துடன் அந்தப் பேஸைத் தொட்டு முறையிட்டால் மட்டுமே அவுட் சொல்ல வேண்டும். வரிசை மாறிப் பேட்டர் வந்தாலும் இதே நிலைதான். ஆசிரியர்களாகிய நமக்கு இது கடினம். தவறைக் கண்டதும் சொல்லிவிடும் பழக்கம் நமக்கு. ஆனால் இங்கே கவனிப்பது எதிரணியின் ஆட்டத்திறனில் ஒரு பகுதி. நடுவர் அதைப் பறித்துவிடக் கூடாது.

மூன்று பழைய ஆட்டங்கள்

முதலாவது, எழுதிய விதியும் ஊர்ப் பழக்கமும் மோதிய ஆட்டம். 1908 செப்டம்பர் 23, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். நியூயார்க் ஜயன்ட்ஸும் சிகாகோ கப்ஸும் 1-1. ஒன்பதாம் இன்னிங்ஸின் பின்பாதி, இரண்டு அவுட். முதல் பேஸில் 19 வயது ஃபிரெட் மெர்கிள். மூன்றாம் பேஸில் இன்னொருவர். அடுத்த பேட்டர் அடித்த பந்தில் மூன்றாம் பேஸ் வீரர் ஹோம் பிளேட்டைத் தொட்டார். வெற்றி என்று கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. மெர்கிள் இரண்டாம் பேஸைத் தொடாமலே வீரர்கள் அறையை நோக்கி ஓடினார். அக்காலத்தில் அப்படி ஓடிவிடுவது வழக்கம்தான். ஆனால் கப்ஸ் வீரர் ஜானி எவர்ஸ் ஒரு பந்தை வாங்கி இரண்டாம் பேஸைத் தொட்டு முறையிட்டார். கட்டாய ஓட்டத்தில் மூன்றாவது அவுட் விழுந்தால் ரன் செல்லாது என்பது புத்தகத்தில் இருந்த விதி. நடுவர் ஹேங்க் ஓடே அவுட் என்றார். ஆட்டம் சமநிலையானது, அக்டோபர் 8 அன்று மீண்டும் நடத்தியபோது கப்ஸ் வென்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய பகுதி, அதற்கு 19 நாள் முன்னால் நடந்தது. செப்டம்பர் 4 அன்று பிட்ஸ்பர்க்கில் இதே போன்ற நிலை. இதே எவர்ஸ் முறையிட்டார். நடுவரும் இதே ஓடேதான். அன்று அவர் தனி நடுவர்; ஓட்டக்காரர் பேஸைத் தொட்டாரா என்று பார்க்கவில்லை. பார்க்காததை அவர் சொல்லவில்லை. அடுத்த முறை பார்த்தார், சொன்னார். கூட்டத்துக்கு அஞ்சாமல் விதியைச் சொன்ன துணிவு பெரிதுதான். அதற்கு முன், தாம் காணாததைக் கண்டதாகச் சொல்லாத நேர்மையும் அதே அளவு பெரிது.

இரண்டாவது, விதியின் எழுத்தும் நோக்கமும். 1983 ஜூலை 24, யாங்கி ஸ்டேடியம். கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் 3, யாங்கீஸ் 4. ஒன்பதாம் இன்னிங்ஸின் முன்பாதியில் இரண்டு அவுட் ஆன நிலையில் ஜார்ஜ் பிரெட் ஹோம் ரன் அடித்தார். ராயல்ஸ் 5-4 என முந்தியது. மட்டையில் பிடிமானத்துக்காகப் பூசும் பைன் தார் 18 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. யாங்கீஸ் மேலாளர் அதைச் சுட்டிக்காட்டினார். நடுவர்கள் மட்டையை 17 அங்குல பிளேட்டின் மேல் வைத்து அளந்து, பிரெட் அவுட் என்றனர். ராயல்ஸ் ஆட்சேபம் தந்தது. லீக் தலைவர் லீ மேக்ஃபெயில் அதை ஏற்றார். தார் எல்லை வகுக்கப்பட்டது பந்து அழுக்காகாமல் இருக்கத்தான். அதிகத் தாரால் பந்து தொலைவு போவதில்லை. மட்டையை விலக்கச் சொல்லலாமே தவிர, அடித்த ரன்னை அழிப்பது விதியின் நோக்கம் அல்ல என்பதே அவர் முடிவின் சாரம். ஆகஸ்ட் 18 அன்று ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அப்போது யாங்கீஸ் இன்னொரு வாதத்தைக் கொண்டுவந்தது: பிரெட் பேஸ்களைத் தொடவில்லை என்று முறையீடு. அன்று இருந்தவர்கள் வேறு நடுவர்கள். அவர்கள் பார்த்திருக்க முடியாது. ஆனால் பழைய நடுவர்கள், எல்லாப் பேஸ்களும் தொடப்பட்டன என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்து நீட்டினார்கள். பதிவேட்டின் மதிப்பை அலுவலகம் அறிந்த எந்த ஆசிரியருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கண் தவறிய ஆட்டம். 2010 ஜூன் 2, டெட்ராய்ட். அர்மாண்டோ கலராகா என்ற பிட்சர் 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கியிருந்தார். இன்னும் ஒருவர் அவுட் ஆனால் மிக அரிய சாதனை. 27ஆவது பேட்டர் முதல் பேஸுக்கு ஓடினார். நடுவர் ஜிம் ஜாய்ஸ், அவுட் இல்லை என்றார். ஒளிப்பதிவில் அவர் அவுட் என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆட்டத்துக்குப் பின் பதிவைப் பார்த்த ஜாய்ஸ் தம் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிட்சரிடம் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டார். தீர்ப்பு மாற்றப்படவில்லை. மறுநாள் பிளேட் நடுவராக நின்ற ஜாய்ஸிடம் அணிப் பட்டியலைக் கொண்டுவந்து தந்தவர் கலராகாவே. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜாய்ஸ் அந்த ஆட்டத்தை நடத்தினார். 2014இல் அந்த லீக்கில் ஒளிப்பதிவு மறுபார்வை விரிவாக்கப்பட்டது. பள்ளி மைதானத்தில் அந்த வசதி இல்லை. நமக்கு இருப்பது ஜாய்ஸும் கலராகாவும் காட்டிய வழி மட்டுமே.

சம்பளத்துக்காக அல்லாமல்

உலகெங்கும் பேஸ்பால் ஆட்டங்களில் பெரும்பகுதி, ஓய்வு நாளில் நேரம் கொடுத்து வரும் சாதாரண மக்களால்தான் நடத்தப்படுகின்றது. 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கிய லிட்டில் லீக்கின் உலகத் தொடர் ஆட்டங்களுக்கும் நடுவர்கள் தொண்டர்களே. 1904இல் 16 வயதான அமாண்டா கிளெமென்ட் அயோவாவின் ஹவார்டன் என்ற ஊரில் ஆண்களின் ஆட்டத்துக்கு நடுவராக நின்றார். பணம் பெற்று நடுவராகப் பணியாற்றிய முதல் பெண் என அவர் போற்றப்படுகிறார். அந்த வருமானம் அவர் கல்லூரிப் படிப்புக்கு உதவியது. நம் பள்ளி மாணவியரை நடுவர் பயிற்சியில் சேர்க்க இந்த ஒரு வரலாறு போதும்.

அமெரிக்கப் பள்ளி விளையாட்டுகளில் இப்போது நடுவர் பற்றாக்குறை பெரிய கவலையாக இருக்கிறது. பார்வையாளர்களும் பெற்றோரும் பேசும் கடுஞ்சொற்கள் அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. நம் மைதானத்தின் ஓரத்திலும் அந்தக் குரல்கள் உண்டு. அவற்றை மாணவர்கள் கேட்டுக்கொண்டே வளர்கிறார்கள்.

வகுப்பறைச் செயல்பாடு: தீர்ப்பு அட்டைகள்

மைதானம் இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம். கரும்பலகையில் சதுரம் வரைந்து, கீழுள்ள நிலைகளை அட்டைகளில் எழுதி, நான்கு பேர் கொண்ட குழுக்களுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் முதலில் “நான் கண்டது என்ன?” என்றும், பிறகு “அதற்குரிய விதி என்ன?” என்றும் இரண்டு வரிகள் எழுத வேண்டும். அதன் பிறகே தீர்ப்பு.

1. பந்து மூன்றாம் பேஸில் பட்டு ஃபவுல் பகுதிக்குள் தெறித்தது. (ஃபேர்)

2. களவீரரின் இரு கால்களும் ஃபவுல் பகுதியில். கையை நீட்டி ஃபேர் பகுதிக்கு மேலே உள்ள பந்தைத் தொட்டார், தவறவிட்டார். (ஃபேர்)

3. முதல் பேஸில் மட்டும் ஆள். யாரும் அவுட் இல்லை. உள்களத்தில் உயரே எழுந்த பந்து. (இன்ஃபீல்ட் ஃப்ளை இல்லை)

4. எறிந்த பந்து தரையில் பட்டு எழும்பி, விலக முயன்ற பேட்டரின் காலில் பட்டது. அவர் மட்டையை வீசவில்லை. (முதல் பேஸ் கிடைக்கும்)

5. ஓட்டக்காரர் இரண்டாம் பேஸைத் தொடாமல் ஹோம் பிளேட் வரை வந்துவிட்டார், யாரும் முறையிடவில்லை. (ரன் செல்லும்; நடுவர் பேசக் கூடாது)

6. அடித்த பந்தை எடுக்கக் குனிந்த களவீரர்மீது ஓட்டக்காரர் மோதினார். (குறுக்கீடு; ஓட்டக்காரர் அவுட்)

7. முதல் பேஸில் ஆள். ஒருவர் மட்டும் அவுட். மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் தவறவிட்டார். (பேட்டர் அவுட், முதல் பேஸ் காலியாக இல்லை, இரண்டு அவுட்டும் ஆகவில்லை)

ஏழாவது அட்டையில் மாணவர்கள் அதிகம் வாதிடுவார்கள். முதல் பேஸில் ஆள் இருக்கும்போது ஏன் ஓடக்கூடாது என்று கேளுங்கள். இன்ஃபீல்ட் ஃப்ளை விதியின் காரணத்தை நினைவூட்டினால், கேட்சர் வேண்டுமென்றே பந்தை விட்டு இரட்டை அவுட் எடுக்கும் தந்திரத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு விதியின் காரணத்தைத் தானே கண்ட மாணவருக்கு அந்த விதி மறக்காது.

தொடக்கநிலை வகுப்புகளில் பேஸ்பால் தேவையில்லை. கில்லி, கபடி, கோ-கோ எதுவானாலும் சரி. சுழற்சி முறையில் ஒவ்வொரு குழந்தையையும் ஐந்து நிமிடம் நடுவராக்குங்கள். தீர்ப்பு சொல்லும் இடத்தில் ஒரு முறை நின்ற குழந்தை, தீர்ப்பு கேட்கும் இடத்தில் வேறு மாதிரி நிற்கும்.

நடுவராக நிற்கும் ஆசிரியருக்கு

விதிப் புத்தகம் பையில் இருக்கட்டும். ஆட்டத்துக்கு முன் இரு அணி ஆசிரியர்களையும் அழைத்து, எந்த விதிகளின்படி ஆட்டம், எத்தனை இன்னிங்ஸ், ஆட்சேபம் எப்படி என்று பேசிவிடுங்கள். உடன் நடுவரின் தீர்ப்பை அவர் கேட்காமல் மாற்றாதீர்கள்; கேட்டால் தனியாகப் பேசுங்கள். ஐயம் வந்தால் ஆட்டத்தைப் பத்து நிமிடம் நிறுத்திப் படித்துப் பாருங்கள். தவறிய ஒரு தீர்ப்பைச் சரிக்கட்ட, அடுத்த முனையில் இன்னொரு தவறான தீர்ப்பைத் தராதீர்கள். அப்போது தவறு இரண்டாகும்.

அந்த மாணவரை அடுத்த ஆண்டுப் போட்டியில் மீண்டும் பார்த்தேன். அருகே சென்று, “தம்பி, போன வருஷம் நீ சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “தெரியும் சார். அன்னிக்கே புக்ல பார்த்துட்டேன்” என்றார்.

அன்று நான் தோற்கடித்த அணிக்கு அந்த ஆட்டத்தைத் திருப்பித் தர முடியவில்லை. அன்றிரவு, இரண்டு வீடுகளில் ஒரே பக்கம் திறந்திருந்திருக்கிறது. ஒரு நிமிடம் நின்று அவர் சொன்னதைக் கேட்டிருந்தால், மைதானத்திலேயே இருவரும் சேர்ந்து அதைத் திறந்திருக்கலாம்.